அத்தானின் துவக்கில் ஆறாவது ரவை

நான் ஓய்வுபெற்று நான்கு மாதங்கள் ஆகின்றன. சென்ற வாரம் சுடுதளத்திலிருந்து மார்த்தே தொலைபேசியில் அழைத்தார். வேட்டைக்குப் போகும் குடும்பங்களுக்காக நான் நடத்திவந்த மாலை வகுப்பை இப்போது அவர்தான் நடத்துகிறார். இந்த வசந்தத்திலிருந்து துப்பாக்கிக் குழலின் அடியில் செருகிவைக்கும் மஞ்சள் நிறச் சிறு கொடிகளை வாங்கியிருக்கிறார்களாம். கொடி வெளியே தெரிந்தால் உள்ளே ரவை இல்லை என்று பொருள். அப்படியிருக்க, வகுப்புத் தாளில் நான் எழுதிவைத்த ஏழாவது வரி இனியும் வேண்டுமா என்று கேட்டார். அந்த வரி இதுதான்: "குடும்பத்தில் யாருடைய துப்பாக்கியைச் சோதிக்க உங்களுக்கு அதிகம் கூச்சமோ, அவருடையதை நீங்கள் சோதிக்க வேண்டும்."

அது எப்படி வந்தது என்று தொலைபேசியில் சொல்லி முடியாது. அவருக்கு நோர்வேஜிய மொழியில் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். நடந்தது எங்கள் ஆட்களிடையே என்பதால் தமிழில் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

வேலை செய்த இருபத்தாறு ஆண்டுகளுக்கும் ஆண்டுக்கு ஒன்றாக இருபத்தாறு குறிப்பேடுகள் என்னிடம் உள்ளன. எந்தக் கிழமை, என்ன காற்று, வரிசையில் எத்தனை பேர் என்பதெல்லாம் அவற்றில் உண்டு. ஆனாலும் இந்தக் கட்டுரையில் ஆண்டுகளைத் தவிர்த்திருக்கிறேன். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். என் பிழையை மட்டும் குறிப்பேட்டில் உள்ளபடியே எழுதுகிறேன்.

ஒஸ்லோவுக்கு வந்த முதல் எட்டு ஆண்டுகள் துப்புரவு வேலை. பிறகு நகரின் வடக்கு விளிம்பில், காட்டை ஒட்டிய சுடுதளத்தில் புல் வெட்டவும் இலக்குப் பலகைகளுக்குக் காகிதம் ஒட்டவும் ஆள் தேவை என்று அறிந்து போனேன். துப்பாக்கியின் முன்பக்கத்தை மட்டுமே அறிந்த ஊரிலிருந்து வந்தவன் அதன் பின்பக்கத்தைப் படிக்க இரண்டு குளிர்காலங்கள் எடுத்தன. வேட்டைத் தேர்வு, பயிற்றுநர் பாடம், மேடைப் பொறுப்பாளர் சான்றிதழ் எல்லாம் அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் முடிந்தன. மேடைப் பொறுப்பாளர் என்பவர் சுடுபவர்களின் வரிசைக்குப் பின்னால் நின்று, எப்போது சுடலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்பவர். அவர் சொல்லும் வரை யாரும் துப்பாக்கியைத் தொடக்கூடாது.

என் மேலாளர் பெரித். அப்போது அவருக்கு ஐம்பது வயதிருக்கும். உயரமானவர், பேச்சு குறைவு, கோப்பியை வெந்நீர்ப் போத்தலின் மூடியில்தான் குடிப்பார். முதல் நாள் ஒரு ரைபிளை எடுத்து, ரவையைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டான போல்டைப் பின்னால் இழுத்து, உள்ளே பார்த்து, சுண்டு விரலை விட்டுத் தடவி, மீண்டும் பார்த்து, போல்டை மூடி என்னிடம் நீட்டினார். நான் இரு கைகளாலும் வாங்கி நன்றி சொன்னேன். அவர் பேசாமல் அதைத் திருப்பி வாங்கினார். முன்போலவே சோதித்து மீண்டும் நீட்டினார். நான் மீண்டும் நன்றி சொன்னேன். நான்காவது முறைதான் விளங்கியது. போல்டை இழுத்து நானும் உள்ளே பார்த்தேன், விரலை விட்டேன். அவர் தலையசைத்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போனார்.

"காலியா?" என்று கேட்பதை அவர் அனுமதிக்கவில்லை. கேட்டால் பதில் வரும், பதிலை நம்பிவிடுவோம் என்பார். கேட்காமல் திறந்து பார், சோதித்தவர் எதிரில் நின்றாலும் பார், அது அவருக்கு அவமதிப்பல்ல என்று ஒரே ஒரு முறை சொன்னார். குரலை உயர்த்த அவர் வைத்திருந்த சொல் ஒன்றுதான்: "ஸ்தான்ஸ்". நிறுத்து என்று பொருள். பழுது கண்டால் வரிசையில் யாரும் அதைக் கத்தலாம், கத்தியாக வேண்டும். அந்தச் சொல் கேட்டால் எல்லோரும் துப்பாக்கியிலிருந்து கையை எடுத்துவிடுவார்கள்.

சோதித்தவர் எதிரிலேயே மறுபடி சோதிப்பது எனக்கு நெடுநாள் கடினமாக இருந்தது. மாமனார் பூட்டிவிட்டேன் என்று சொன்ன கதவை அவர் முன்னால் போய் இழுத்துப் பார்க்கும் மருமகனை எங்கள் வீடுகளில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

இனி அத்தான். என் அக்காவின் கணவர், என்னைவிட ஆறு வயது மூத்தவர், திருகோணமலைக்காரர். நோர்வேக்கு என்னை வரவழைத்தவரும் முதல் இரண்டு ஆண்டுகள் ரொம்மனில் தன் வீட்டில் வைத்துச் சாப்பாடு போட்டவரும் அவரே. பேருந்து ஓட்டுநர். ஒரு நாளும் பிந்தாதவர் என்று பெயர். அவருடைய ஒரே மகள் தர்ஷினி திராமனில் தாதியாக வேலை செய்கிறாள். அவள் மணம் முடித்தது ஒரு நோர்வேஜியக் குடும்பத்தில். மாமனார் தோர்ஸ்தைனுக்கு ஒஸ்லோவிலிருந்து இரண்டரை மணி நேரத் தூரத்தில் காடு உண்டு. செப்டம்பர் இருபத்தைந்தாம் திகதி எல்க் என்னும் பெரிய மானின் வேட்டை தொடங்கும்போது அந்தக் குடும்பம் முழுதும் அங்கே இருக்கும். தர்ஷினியும் தேர்வெழுதி வேட்டைக்காரி ஆனாள். அதன்பின் அத்தானுக்கும் ஆசை வந்தது.

ஆசையின் காரணத்தை அவர் மறைக்கவில்லை. சம்பந்தி வீட்டுக்குப் போனால் சாப்பாட்டு மேசையில் அவர்கள் கதைப்பதெல்லாம் வேட்டைதான், தான் உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியிருக்கிறது என்றார். போருக்கு முந்திய காலத்தில் மாமன்மாரோடு காட்டுப்பன்றிக்குப் போனவர் அவர். தேர்வில் ஒரு கேள்விதான் பிழை. ரைபிள் வாங்கினார். சட்டப்படி இரும்புப் பெட்டகமும் வாங்கிப் படுக்கையறைச் சுவரில் பொருத்தினார்.

பெட்டகத்தைப் பார்க்க என்னை அழைத்தார். பொருத்திய விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பூட்டின் திறப்பு எங்கே என்று கேட்டேன். சாமித்தட்டைக் காட்டினார். பிள்ளையார் படத்துக்குப் பின்னால், கடவுச்சீட்டுகளும் காணி உறுதியும் இருந்த இடத்தில் திறப்பும் இருந்தது. எங்கள் வீடுகளில் முக்கியமான எதையும் வைக்கும் இடம் அது. அதனால்தான் வீட்டுக்கு வந்துபோகும் எல்லோருக்கும் அந்த இடம் தெரியும், தர்ஷினியின் ஐந்து வயது மகன் உட்பட. நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"பிள்ளையாரை விடக் காவல் ஆர் இருக்கினம் தம்பி?" என்றார் அத்தான்.

"அவர் ஆர் கேட்டாலும் குடுப்பார் அத்தான்," என்றேன்.

அக்கா சிரித்துவிட்டா. அடுத்த வாரமே எண்பூட்டு வைத்த பெட்டகமாக மாற்றிக்கொண்டார். அவருக்குச் சொல்வது எளிது என்று அன்று நினைத்தேன். வீட்டுக்குள், சிரிப்போடு, வேறு யாரும் இல்லாதபோது சொன்னதால் எளிதாக இருந்தது என்று அப்போது தோன்றவில்லை.

பெருவிலங்கு வேட்டைக்குப் போகும் எவரும் ஒவ்வோர் ஆண்டும் சுடுதேர்வு ஒன்றில் தேற வேண்டும். நூறு மீற்றர் தூரத்தில் விலங்கின் உருவம் வரைந்த பலகை, அதில் குறித்த வட்டத்துக்குள் ஐந்து சூடு. ஆகஸ்ட் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், மாலை ஆறு மணி வரிசைக்கு அத்தானும் தர்ஷினியும் வந்தார்கள். மேகமூட்டம், காற்று இல்லை. அன்று மேடைப் பொறுப்பாளர் நான். ஐந்து பாய்களில் ஐந்து பேர் படுத்திருந்தார்கள். அத்தான் இரண்டாவது பாய். தர்ஷினி பின்னால் பெஞ்சில். அவளுக்குச் சொந்தத் துப்பாக்கி இல்லாததால் அத்தானுடையதில்தான் அவளும் சுடவேண்டும்.

அத்தானின் ஐந்தும் வட்டத்துக்குள் பட்டன. அதையும் எழுதத்தான் வேண்டும்.

சுட்டு முடிந்தால் செய்யவேண்டியது இது. ரவைகளை நிரப்பும் கூடான மகசீனைக் கழற்றி, போல்டைத் திறந்து, துப்பாக்கியைப் பாயில் கிடத்திவிட்டு எழுந்து பின்னால் வர வேண்டும். பொறுப்பாளர் ஒவ்வொன்றாக உள்ளே பார்ப்பார். கடைசித் துப்பாக்கியையும் பார்த்துச் சொன்ன பிறகே யாரும் எதையும் தொடலாம். நான் அன்று ஐந்தாவது பாயிலிருந்து தொடங்கி நான்காவதுக்கு வந்திருந்தேன். மற்றச் சுடுநர்கள் எழுந்து தங்கள் பாய்களின் பின்னால் நின்றார்கள். நிமிர்ந்தபோது அத்தான் ரைபிளோடு எழுந்து நிற்பதைக் கண்டேன். போல்ட் மூடியிருந்தது. அவர் திரும்பித் தர்ஷினியிடம் நீட்டினார். குழல் வரிசையின் குறுக்கே வந்து, மூன்றாம், நான்காம், ஐந்தாம் பாய்க்காரர்களைக் கடந்து போனது. தர்ஷினி இரு கைகளாலும் வாங்கினாள்.

நான் ஸ்தான்ஸ் என்று கத்தவில்லை. கத்தியிருந்தால் மற்ற நான்கு நோர்வேஜியர்களின் பார்வையும் அத்தான்மேல் விழும், அவருடைய மகளும் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்ற எண்ணம் வந்தது. எண்ணம் என்றுகூடச் சொல்ல முடியாது, வாய் தானாக மூடிக்கொண்டது. விறுவிறென்று நடந்து அவர் அருகில் போய்த் தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னேன்.

"அத்தான், போல்டைத் திறக்கேல்லை."

"காலிதான் தம்பி. மகசீன் என்ரை கையிலை இருக்கு, பாரும்."

மகசீன் அவர் கையில் இருந்தது. அதுவும் காலி. நான் தர்ஷினியைப் பார்த்தேன். அவள் குழலை இலக்குப் பக்கம் திருப்பிப் போல்டை இழுத்தாள். ஒரு முழு ரவை வெளியே பாய்ந்து சீமெந்துத் தரையில் விழுந்து உருண்டது.

நடந்ததைப் பின்னர் கணக்கிட்டோம். அவர் மூன்று மூன்றாக இரண்டு தடவை நிரப்பியிருந்தார். ஆறு. ஐந்தாவதைச் சுட்டதும் பழக்கத்தில் போல்டை இழுத்து மூடியிருந்தார். ஆறாவது ரவை குழலுக்குள் ஏறிவிட்டது. இளமையில் அவர் பிடித்தது ஒற்றைக் குழல் துவக்கு. அதில் சுட்டால் காலி, அதற்குமேல் பார்க்க ஒன்றுமில்லை. அந்தக் கைப்பழக்கம் தேர்வில் கிடைத்த நல்ல புள்ளிகளுக்குக் கீழே அப்படியே இருந்திருக்கிறது.

பெரித் அலுவலறை வாசலில் நின்றார். வரிசையை நிறுத்தி, எல்லாத் துப்பாக்கிகளையும் தானே பார்த்து முடித்துவிட்டு, என்னை உள்ளே அழைத்தார். அத்தானிடம் என்ன சொன்னாய் என்று கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். அது எத்தனை பேருக்கு விளங்கியது என்றார். இரண்டு பேருக்கு. குழலுக்கு முன்னால் எத்தனை பேர் நின்றார்கள் என்றார். மூன்று பேர். என் மஞ்சள் மேலங்கியைக் கழற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு தானே வரிசைக்குப் போனார். அடுத்த மூன்று வாரங்கள் நான் இலக்குப் பலகைகளுக்குக் காகிதம் ஒட்டினேன். சம்பவ அறிக்கையில் இரண்டு பெயர்கள் இருந்தன. முதலாவது என்னுடையது.

அத்தான் இன்னொரு நாள் வந்து சுடுதேர்வை மீண்டும் செய்யலாம், அதில் தடையில்லை என்றார் பெரித். ஆனால் காட்டில் எல்க்குக்காகக் காத்து நிற்கும்போது அவருக்கு அடுத்த காவலிடத்தில் நிற்கப்போகிறவருக்கு இது தெரியவேண்டும். வேட்டைத் தலைவருக்கு அத்தானே சொல்லட்டும், சொல்லாவிட்டால் உறவினன் என்ற முறையில் நீ சொல்வாயா என்று கேட்டார். வேட்டைத் தலைவர் என்பது தோர்ஸ்தைன், சம்பந்தி. ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அத்தானிடமும் பெரித் இதையே சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை ரொம்மனுக்கு, அக்கா வீட்டுக்குப் போனேன். தர்ஷினியும் வந்திருந்தாள். அக்கா தேத்தண்ணி போடவில்லை, கதவைத் திறந்துவிட்டுச் சமையலறை வாசலில் போய் நின்றா.

"உன்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவர் அவர்," என்றா. "அவரைப் பற்றி வெள்ளைக்காரரிட்டைக் கடுதாசி எழுதிக் குடுத்திருக்கிறாய். இப்ப சம்பந்தி வீட்டுக்கும் சொல்லப்போறியாம்."

அத்தான் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் குறைத்திருந்தது. சொல்லாமல் இருக்க என்ன வழி என்று அவர் கேட்கவில்லை. வேட்டைக்கே போகவில்லை, அதோடு விசயம் முடிந்தது, துவக்கையும் விற்றுவிடுகிறேன் என்றார். அப்படியானால் சொல்லத் தேவையில்லைதானே என்பதுபோல அக்கா என்னைப் பார்த்தா. உண்மையில் தேவையில்லை. நானும் ஒரு கணம் அதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன்.

தர்ஷினிதான் பேசினாள். "அப்பா குடுத்தவர், நான் பாக்காமல் வாங்கினனான். ரெண்டு பேரும்தான் பிழை. நான் நேற்றே ஸ்விகர்ஃபாருக்குச் சொல்லிப்போட்டன்."

ஸ்விகர்ஃபார் என்றால் மாமனார். அத்தான் இப்போதுதான் திரும்பினார்.

"என்னெண்டு சொன்னனி?"

"நான் செக் பண்ணேல்லை எண்டு."

"ரவை ஆற்றை எண்டு சொன்னனியோ?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"ஏன் பாக்கேல்லை நீ?" என்றார் அத்தான். கோபமாக அல்ல, அறியும் ஆவலில் கேட்டதுபோல இருந்தது.

"நீங்கள் தந்ததை உங்களுக்கு முன்னாலை திறந்து பாத்தால், அப்பா பொய் சொல்லுறார் எண்டு சொல்லுற மாதிரி இருக்கும். லாஷ் தந்தால் பாப்பன். உங்களிட்டை ஏலாது."

லாஷ் அவள் கணவன். அத்தான் தொலைக்காட்சியை நிறுத்தினார். பிறகு எழுந்து மேலங்கியைப் போட்டார். மகள் தலையில் தன் பிழையைக் கட்டிவிட்டுத் தான் சோபாவில் இருக்க முடியாது என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, அவளுடைய காரிலேயே அவளோடு சம்பந்தி வீட்டுக்குப் புறப்பட்டார்.

தோர்ஸ்தைன் வீட்டு முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாராம். அத்தான் தன் நோர்வேஜிய மொழியில், பேருந்தில் அறிவிப்புச் செய்வதுபோல, ரவை என்னுடையது, எண்ணவில்லை, திறக்கவில்லை, மூன்று பேரின் குறுக்கே குழலைக் கொண்டுபோனேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார். தோர்ஸ்தைன் விறகுக் கட்டையைக் கீழே வைத்துவிட்டு, முப்பது வயதில் தன் சொந்தக் காரின் தரையைச் சுட்டுத் துளைத்த கதையைச் சொன்னார். லாஷுக்கே தெரியாத கதையாம். ஆனால் கதைக்குப் பிறகும் முடிவு முடிவாகத்தான் இருந்தது. இந்த ஆண்டு துப்பாக்கி இல்லை, எல்க்கை ஓட்டிவரும் கூட்டத்தோடு வெறுங்கையாக நடக்கலாம், அடுத்த ஆண்டு காவலிடம் என்றார். அத்தான் ஒத்துக்கொண்டார்.

அந்த இலையுதிர் காலத்தில் அவர் செம்மஞ்சள் தொப்பியோடு ஆறு நாட்கள் காட்டில் சத்தமிட்டபடி நடந்தார். என்னவென்று சத்தமிட்டார் என்று கேட்டதற்கு, பேருந்து ஓட்டிய காலத்தில் வாய்க்குள் வைத்திருந்ததெல்லாம் என்று தர்ஷினியிடம் சொன்னாராம். இவை எனக்கு அவள் வழியாகத்தான் வந்தன. அக்கா வீட்டிலிருந்து தீபாவளிக்கு அழைப்பு வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளில் அது முதல் தடவை.

அந்தக் குளிர்காலத்தில் பெரித்தும் நானும் குடும்ப வகுப்பை மாற்றி அமைத்தோம். அதுவரை அருகிலிருப்பவர் அருகிலிருப்பவருடையதைச் சோதிப்பார். இனி, வகுப்பு தொடங்குமுன் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, உங்கள் வீட்டில் யாருடையதைத் திறந்து பார்க்க உங்களுக்கு மனம் வராது என்று கேட்போம். அவரோடுதான் சோடி சேர்ப்போம். ஏழாவது வரி அப்போது எழுதியது. எங்கள் ஆட்களுக்கு மட்டும் தேவைப்படும் என்று நினைத்திருந்தேன். முதல் வகுப்பில் வந்த நாற்பது வயது நோர்வேஜிய விவசாயி ஒருவர், தன் தகப்பனின் துப்பாக்கியைத் திறக்கக் கை போகாமல், மூன்று நிமிடம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். தகப்பன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொடி குத்துவதால் அந்த மூன்று நிமிடம் குறையாது என்று மார்த்தேக்கு எழுதியிருக்கிறேன். கொடியைக் குத்தியவரும் யாரோ ஒருவருடைய அப்பாதான்.

அடுத்த ஆகஸ்டில் அத்தானும் தர்ஷினியும் அந்த வகுப்பின் மூன்று மாலைகளுக்கும் வந்தார்கள். நடத்தியவர் பெரித். உறவினர் என்பதால் நான் விலகிக்கொண்டேன். அத்தான் என்னைக் கண்டால் தலையசைப்பார், அவ்வளவுதான். சுடுதேர்வு நாளில் வேறு ஆளில்லாமல் நானே வரிசைக்கு நிற்க நேர்ந்தது. செவ்வாய்க்கிழமை, லேசான தூறல். ஐந்து பாய்கள். அத்தான் இம்முறை நான்காவதில்.

ஐந்து சூடு. ஐந்தும் வட்டத்துக்குள். மகசீனைக் கழற்றினார். போல்டைத் திறந்து, துப்பாக்கியைப் பாயில் கிடத்தி, எழுந்து பின்னால் வந்து நின்றார். தர்ஷினி என் அனுமதியோடு, வகுப்பில் பழகியபடி முன்னே போய்க் குனிந்து பார்த்தாள், சுண்டு விரலை விட்டாள், மீண்டும் பார்த்தாள். தகப்பன் அவளுக்கு அருகில் நின்று, அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். காலி என்று நோர்வேஜிய மொழியில் சொன்னாள்.

நான் முதலாவது துப்பாக்கியைப் பார்த்தேன், இரண்டாவதை, மூன்றாவதை. நான்காவதன் போல்ட் திறந்திருந்ததை இரண்டடி தூரத்திலிருந்தே கண்டேன். அவள் பார்த்ததையும் கண்டேன். ஐந்தாவதை நோக்கிக் காலெடுத்து வைத்தேன்.

"ஸ்தான்ஸ்!"

அத்தானின் குரல். கூரைத் தகரம் அதிர்ந்தது. வரிசையில் இருந்த எல்லோரும் கையை விலக்கி அசையாமல் நின்றார்கள். அலுவலறைக் கதவு திறந்து பெரித் வெளியே வந்தார். அத்தான் என்னை நோக்கி, எல்லோருக்கும் விளங்கும்படி நோர்வேஜிய மொழியில், பொறுப்பாளர் நான்காம் பாயைச் சோதிக்கவில்லை என்றார். பிறகு எனக்கு மட்டும் தமிழில், ஓராண்டுக்குப் பிறகு முதல் வார்த்தையாகச் சொன்னார்.

"அவள் பாத்தது அவளுக்கு. நீர் இன்னும் பாக்கேல்லைத் தம்பி."

நான் திரும்பி வந்து அவருடைய பாயின் அருகே முழந்தாளிட்டேன். உள்ளே பார்த்தேன். சுண்டு விரலை விட்டேன். இரும்பு இன்னும் சூடாக இருந்தது. மீண்டும் பார்த்தேன். எழுந்து நின்று, காலி என்று வரிசையின் இரு முனைக்கும் கேட்கும்படி சொன்னேன்.